முதுகுத் தண்ணி

முதலில் பேர் சொல்ல வேண்டிய ஆள் தனக்கோட்டி. என் அக்காவின் புருஷன். எனக்கும் மாமா, என் மகள் யமுனாவுக்கும் மாமா. மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் மற்ற யாருக்கும் அப்படி நினைக்கவே தோன்றியிருக்காது. இன்னிக்குமாடா தண்ணி? அவ்வளவுதான் வார்த்தை. நான் இப்போது மல்லாந்து படுத்திருக்கிறேன். தலையணை கிடையாது. தலையைத் தூக்காதீங்க ஐயா, தூக்கினா மண்டை பிளக்கிற மாதிரி வலிக்கும், கொஞ்ச நேரம் இப்படியே இருங்க என்று சொல்லிவிட்டு இந்த ஆராய்ச்சியைச் செய்கிற பெண் ஷாஹிதா பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். என் முதுகிலிருந்து எடுத்த தண்ணியும் அவளோடு போய்விட்டது, சின்னச் சின்னக் குழாய்களில், ஐஸ் பெட்டிக்குள். முதுகுத்தண்டுக்குள் தண்ணி இருக்கிறது என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. மூளையும் அதே தண்ணியில்தான் மிதக்கிறதாம். காலமெல்லாம் தண்ணி லாரி ஓட்டிப் பிழைத்தவனுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. தண்ணி எங்கேதான் இல்லை. அதை எடுக்கத்தான் பாடு. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, ஆடாம இருங்க ஐயா என்றார் பெரிய டாக்டர். ஆடாமல் இருக்கிறதா? ஆடாமல் இருக்கத் தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? காலையிலிருந்து மாத்திரை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை போட்டால் தண்ணியில் அதுவும் கலந்துவிடுமாம், அளவு தப்பாகக் காட்டுமாம். அதனால் வலது கை தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டே இருந்தது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுகிற மாதிரி. நான் பீடி சுற்றினதும் இல்லை, பிடித்ததும் இல்லை. ஊசி இறங்கினது தெரியவில்லை, முதுகுக்குள் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி மட்டும் இருந்தது. பின்னால் சொட்டுச் சொட்டாக விழுந்ததை டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்லா தெளிவா இருக்கு என்றார். தெளிவா இருக்கு. என்னைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை காலம் ஆயிற்று. இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

இன்னிக்குமாடா. இன்னிக்குத் தண்ணியா என்று கேட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன், சத்தியமாக மன்னித்திருப்பேன், மகள் நிச்சயதார்த்தம், சந்தோஷத்தில் ஒருத்தன் ஒரு வாய் ஊற்றியிருப்பான் என்று மண்டபத்தில் நாலு பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்னிக்கு இல்லை, இன்னிக்குமா. அந்த உம்முக்குள் நேற்று இருக்கிறது, முந்தாநாள் இருக்கிறது, அதற்கு முந்தின ஒவ்வொரு நாளும் இருக்கிறது. தினமும் குடிக்கிறவன், இன்றைக்காவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று அர்த்தம். ஒரே ஒரு எழுத்து, அதை நுழைத்து என் பிழைப்பு முழுக்கக் கறையாக்கிவிட்டார் மனுஷன். அயனாவரத்தில் அந்தச் சின்ன மண்டபம், மேலே ஜமுக்காளம் விரித்து இரண்டு வீட்டுக்காரர்களும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், குங்குமம், பூ, எல்லாம் ஏறின தட்டு என் கையில். மாப்பிள்ளையின் அப்பா எதிரே வெள்ளை வேட்டியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஐயர் மாத்திக்குங்கோ மாத்திக்குங்கோ என்கிறார். அப்போதுதான் என் கை ஆட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் லாரியில் கியர் போடும்போது கொஞ்சம் ஆடும், சாப்பிடும்போது ஆடும், இன்ஜின் அதிர்வு உடம்பில் ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆடின ஆட்டம் வேறு. தட்டு கடகடவென்று சத்தம் போட்டது. தேங்காய் உருண்டு விழுந்து மைக் வைத்திருந்த பெட்டியில் போய் முட்டியது. குங்குமம் சம்பந்தியின் வேட்டியில். அடுத்த நொடிக்குள் மாமா எழுந்து வந்து என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். மைக் போட்டிருந்தது. இன்னிக்குமாடா தண்ணி? மண்டபம் முழுக்கக் கேட்டது, கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டிருக்கும். பிறகு அவரே தட்டை மாற்றினார். போட்டோக்காரன் அதைத்தான் பிடித்தான். என் மகளை மாப்பிள்ளை வீட்டுக்குத் தருகிற கை போட்டோவில் மாமாவுடைய கை.

இத்தனைக்கும் நான் தொட்டதில்லை. என் அப்பாவும் தொட்டதில்லை. லாரிக்காரன் தொடாமல் இருப்பானா என்று கேட்பார்கள், கேட்கட்டும், கேட்கிறவன் என் கூட ஒரு கோடை முழுக்க வண்டியில் வந்திருக்க வேண்டும், ஒரு லோடு இறக்கினதும் அடுத்த லோடு, குழாயடியில் பெண்கள் குடத்தோடு ஓடி வருவார்கள், வண்டியை நிறுத்துகிற இடம் அரை அடி தப்பினால் குழந்தை மேல் ஏறும். அதில் குடித்துவிட்டு ஓட்ட முடியுமா? ஆனால் நிச்சயம் முடிந்த மறு வாரம் ஓனர் காதுக்குப் போய்விட்டது. தினமும் காலையில் சாவி கொடுப்பதற்கு முன்னால் என்னிடம், ஊது என்பார். மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஓனர் மூக்குக்கு நேரே நான் ஊத வேண்டும். ஊதினேன். நாற்றம் இல்லைதான், ஆனா கை ஆடுதே கன்னியப்பா என்றார். ஏதோ புதுசா மணக்காத சரக்கு அடிக்கிறான்பா என்று பின்னால் ஒருத்தன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் ஊத மாட்டேன் என்றேன். அத்தோடு சாவி போயிற்று. இரண்டாவது ஆள் ஓனர். மூன்றாவது ஆள் யமுனா. அதை நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன், மல்லாந்து கிடக்கும்போது கண்ணில் நீர் வந்தால் நேராகக் காதுக்குள் போகிறது, துடைக்கக் கையைத் தூக்கினால் அது முகத்தில் அடிக்கிறது. நிச்சயப் புடவையில் என் காலில் விழுந்துவிட்டு எழுந்தவள், என் முகத்துக்குக் கிட்டே வந்து, அப்பா என்றாள். சொல்லும்போதே அவள் மூக்கு லேசாக விரிந்தது. முகர்ந்தாள். என் பெண் என் வாயை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் செய்திருப்பாள். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. ஏன் முகர்ந்தாய் என்று அவளிடம் நான் இதுவரை கேட்டதில்லை. சொன்னது தப்பு என்று மாமா வாயிலிருந்து வாங்கிவிட்டால் அவளிடம் கேட்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். வேரைப் பிடுங்கினால் போதும் என்று.

பிறகு நோயின் பேரைச் சொன்னார்கள், நடுக்குவாதமாம். மூளைக்குள் டோபமின் என்று ஒன்று இருக்கிறதாம், அது குறைந்துபோனால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காதாம். அதற்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதை என் பெண்டாட்டி மரகதம் அன்றைக்கே போய் அவள் நாத்தனாரிடம், அதாவது என் அக்காவிடம், சொல்லிவிட்டு வந்தாள். மாமா என்ன சொன்னார் தெரியுமா? குடிச்சுக் குடிச்சுத்தானே நரம்பு போச்சு. அப்படிச் சொல்லியிருக்கிறார். நோயைக்கூட எனக்குச் சாட்சியாக நிற்க விடவில்லை. அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொண்டேன், முதுகுத் தண்ணியாவது எனக்குச் சாட்சி சொல்லுமோ என்று. மரகதம் வேண்டாம் என்றாள், முதுகில் ஊசி குத்தினால் இடுப்பு விழுந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். ஒத்துக்கொண்ட அன்றைக்கே ஷாஹிதாவிடம் கேட்டேன், அம்மா, இந்தத் தண்ணியைப் பார்த்தால் ஆள் குடிச்சவனா குடிக்காதவனா என்று தெரியுமா? அவள் ஆம்பூர்ப் பெண், மேல்படிப்பு படிக்கிறாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவாள். தெரியாது ஐயா, எங்க நூல் டோபமினை மட்டும்தான் பிடிக்கும், வேற எதையும் பார்க்காது என்றாள். நூல் என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது, மீதியை அவளே விளக்கினாள். எல்லா உயிருக்குள்ளேயும் டி.என்.ஏ. இருக்கில்ல, அதே சரக்குல நாங்க ஒரு சின்னத் துண்டு செஞ்சிருக்கோம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு துளி தங்கத் தகட்டுல அதை நாத்து நட்ட மாதிரி நட்டு வெச்சிருக்கோம். உங்க தண்ணியை மேல விட்டா, டோபமின் வந்து உட்கார்ந்ததும் நூல் சுருண்டு அதைப் பிடிச்சுக்கும். சுருண்டா கரண்ட் மாறும். ஸ்க்ரீன்ல கோடு ஏறும். இவ்வளவு நாள் நாங்களே கலக்கின உப்புத் தண்ணியிலதான் பார்த்தோம், மனுஷத் தண்ணியில இப்பத்தான் பார்க்கிறோம். ஒழுங்காகச் சொன்னாள். நான் கேட்டேன், தப்பான ஆளைப் பிடிச்சிடாதா? அதற்கு அவள் சிரித்தாள். அதுதான் ஐயா எங்க தலைவலியே. டோபமின் மாதிரியே சாயல்ல இன்னொண்ணு இருக்கு, அண்ணன் தம்பி மாதிரி. எங்க முதல் நூல்கள் எல்லாம் சாயலைப் பார்த்து ஏமாந்துடுச்சு. ஏமாந்ததை எல்லாம் கழுவிக் கொட்டிக் கொட்டி, ஏமாறாததை மட்டும் பொறுக்கி எடுத்தோம், வருஷக்கணக்குல. சாயலைப் பார்த்து ஏமாந்துடுச்சு. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவே முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல்துண்டுக்கு ஆள் வித்தியாசம் கற்றுக்கொடுக்க வருஷக்கணக்கில் ஒரு கூட்டம் உட்கார்ந்து பாடுபடுகிறது. ஆறடி மாமாவுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? ஆடுகிற கையும் குடிகாரன் கையும் தூரத்திலிருந்து ஒரே சாயல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிட்டே வந்துதானே தட்டைப் பிடுங்கினார். அவரைக் கழுவிக் கொட்ட ஒருத்தரும் இல்லை.

கூரையில் ஏசி காற்று வருகிற ஓட்டையில் ஒரு நூலாம்படை ஆடுகிறது. அதற்கு ஆடலாம், யாரும் ஊது என்று சொல்ல மாட்டார்கள். மூக்கு அரிக்கிறது. மாத்திரையை ஷாஹிதா ஸ்ட்ரா வைத்துத் தண்ணியோடு விழுங்க வைத்துவிட்டுத்தான் போனாள், இன்னும் ஏறவில்லை. ஏறினால் கை நிற்கும், கொஞ்ச நேரம் மனுஷன் மாதிரி இருக்கும், பிறகு இறங்கும், மறுபடி ஆடும். ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் தினம் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதில்தான் எனக்குப் பயம். வருகிற மாசம் பேத்திக்குக் காதுகுத்து. யமுனாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, தாய்மாமன் மடி இல்லாத குழந்தை, அதனால் தாத்தா மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டிலேயே சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை போட்டுவிட்டு அஞ்சு கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன். மரகதம் அடுப்படியிலிருந்து, என்னய்யா அரிசி அழுவுதா என்று கேலி பண்ணுவாள். பை நன்றாகத்தான் உட்காருகிறது. குழந்தை பை இல்லை. ஆசாரி கம்பியை வைக்கிற நேரத்தில் என் தொடை ஆடினால்? காது கிழிந்தால்? போன வாரம் யமுனா தயங்கித் தயங்கிச் சொன்னாள், அப்பா, வேணும்னா மாமா மடியில வெச்சுக்கலாமா, அவரே கேட்டாரு. அவரே கேட்டார். தட்டும் அவர் கைக்குப் போயிற்று, இப்போது மடியும் போக வேண்டுமா? நான் சொல்லிவிட்டேன், குழந்தை என் மடியில்தான், அதோடு அந்த மனுஷன் மண்டபத்தில் சொன்னதை அத்தனை பேர் எதிரில் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் என் பேத்தியின் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. யமுனா அழுதாள். அழட்டும். இந்த நூல் வைத்த கருவி ஒரு நாள் கைக்கடிகாரம் மாதிரி ஆகி, ஐயா, மருந்து இறங்கப் போகுது என்று முன்கூட்டியே சொல்லும், அதுதான் எங்க கனவு என்று ஷாஹிதா சொன்னாள். காதுகுத்துக்கு முன்னாடி வருமா என்று கேட்டேன். உங்க பேத்தியோட பேத்திக்கு வரும் ஐயா என்றாள், கிண்டலாக இல்லை, வருத்தமாக. எனக்கு அது பெரிய விஷயமில்லை. பெரிய பயம் வேறு. இந்த நோய் போகப் போகக் குரலை எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். இப்போதே மரகதம், சத்தமா பேசுய்யா, யாருக்குக் கேக்குது என்கிறாள். சிலருக்கு ஞாபகமும் போகுமாம். கை போகட்டும், குரல் போகட்டும், அந்த இன்னிக்குமா எனக்கு மறந்துவிட்டால் என்ன செய்வேன்? அதை வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான். நான் மறந்த அன்றைக்கு அது நடக்காததாகிவிடும். மாமா சிரித்துக்கொண்டே வந்து வெற்றிலை மென்றுகொண்டு என் பக்கத்தில் உட்காருவார், நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதனால் தினமும் ஒரு தரமாவது அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இன்னிக்குமாடா தண்ணி. மறக்கவில்லை. இருக்கிறது.

வெளியே வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குரல். தண்ணி கேஸ் எந்த ரூம்மா? இங்கதான் ஒரு பெருசு தண்ணி கேஸ்னாங்களே. என் காதில் அது விழுந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலையைத் தூக்காதே என்றதெல்லாம் எங்கே போயிற்றோ. யாருடா தண்ணி கேஸ்? எவன்டா சொன்னான்? தனக்கோட்டி சொல்லி அனுப்பினானா உன்னை? கத்தினேன், கத்தினது வெளியே எவ்வளவு வந்ததோ. அட்டெண்டர் ஆள், சட்டைப் பையில் டில்லிபாபு என்று பேர் போட்டிருந்தது, வாய் பிளந்து நின்றான். பெருசு, இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற என்றான். அதற்குள் மண்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கடப்பாரை உள்ளே இறங்கி நெற்றியில் வந்து நின்றது. வலி என்றால் அதுதான் வலி. ஷாஹிதா கையுறையோடு ஓடி வந்தாள். படுங்க ஐயா, படுங்க, ஏன் எழுந்தீங்க? இவன் என்னைத் தண்ணி கேஸ்னு சொல்றாம்மா, நான் தொட்டதே இல்லை, கேளு, ஊதறேன் பாரு, ஊதறேன். அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். டில்லிபாபுவுக்குத்தான் முதலில் புரிந்தது. அட ஆண்டவனே என்று தலையில் அடித்துக்கொண்டான். முதுகுத் தண்ணி எடுத்த கேஸைக் கேட்டேன் தலைவரே! எங்க டிபார்ட்மெண்டுல அதைத் தண்ணி கேஸ்னுதான் சொல்லுவோம், இடுப்புல தண்ணி, நெஞ்சுல தண்ணி, வயித்துல தண்ணி, எல்லாம் எங்களுக்குத் தண்ணி கேஸுதான். அந்தத் தண்ணி கேஸுங்க கீழ கேஷுவாலிட்டியில கிடக்கு, அதுங்க வேற. சொல்லிவிட்டு அவன் ஒரு காரியம் செய்தான். கட்டிலுக்குக் கிட்டே வந்து, என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, மனசுல வெச்சுக்காத தலைவரே, நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ, உன்னைப் பார்த்தாலே தெரியுது நீ அந்த மாதிரி ஆளு இல்லன்னு என்றான்.

இதே வார்த்தைதான். நான் சொன்னது தப்பு. எத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்கு நிற்கிறேனோ அதே வார்த்தை, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல், ஒரு தப்பும் செய்யாத அட்டெண்டர் வாயிலிருந்து வந்து என் மடியில் விழுகிறது. ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. நல்ல பையன், கண்ணில் நிஜமாகவே நீர், நான் சரிப்பா சரிப்பா என்றேன், அவன், அப்புறமா வந்து கூட்டிப் போறேன் என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனான். உள்ளே இருந்த இடம் அப்படியே காலியாகத்தான் இருந்தது. வார்த்தை சரி, வாய் சரியில்லை. ஷாஹிதா நெற்றியில் ஈரத் துணி போட்டாள், வலி குறைய நிறையத் தண்ணி குடிக்கணும் ஐயா என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா ஆச்சு என் தண்ணி, நூல் பிடிச்சுதா என்று கேட்டேன். பிடிச்சது ஐயா. அழகாப் பிடிச்சது. கம்மியாத்தான் இருக்கு, ஆனா இருக்கு, கோடு தெரியுது. அவள் முகம் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கம்மியாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. எனக்குள் ஒன்றுமே இல்லை என்று வந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது, அது போயிற்று. அப்புறம்தான் அவள் சொன்னாள், ஒண்ணுதான் குறை. பிடிச்ச நூல் விடணும் ஐயா. விட்டாத்தான் அடுத்த சொட்டை அளக்க முடியும். சிலது உங்க தண்ணியில பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. அப்போ அதை என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுடுவோம், விடாத நூல் எங்களுக்கு உபயோகமில்லை. நான் கூரையைப் பார்த்தேன். உபயோகமில்லையாம். இருக்கலாம், அவளுடைய வேலைக்கு அது சரிதான், வருகிற ஒவ்வொரு சொட்டுக்கும் புதிதாகக் கை நீட்ட வேண்டிய வேலை. ஆனால் மனுஷன் அளவு பார்க்கிற கருவியா? எல்லோரும் இதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள், மரகதம் சொல்கிறாள், விடுய்யா. யமுனா சொல்கிறாள், விடுப்பா. விட்டுவிட்டால் அடுத்த முறை என்னைப் பார்த்து இன்னொருத்தன் இன்னிக்குமா என்பான், அதையும் பிடித்து, அதையும் விட வேண்டும். அந்த விடாத நூலில் ஒன்றை எனக்குக் கொடும்மா என்று கேட்டேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள்.

யமுனா காபியோடு வந்தாள். கூட யாரோ. தலையைத் திருப்பாமல் எனக்கு முதலில் தெரிந்தது மை போட்ட மீசை, அதற்கு மேலே இரண்டு மூக்குத் துவாரம். தலைகீழாக மாமா. லிஃப்டே வரலடா கன்னியப்பா, ரெண்டு மாடி ஏறினதுல மூச்சு வாங்குது என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டி நிறுத்த இடமில்லாததைச் சொன்னார், வெயிலைச் சொன்னார், முதுகில் ஊசி போட ஏன் ஒத்துக்கொண்டாய் என்றார், ஆப்பிளை எடுத்து மேஜையில் அடுக்கினார். வயதாகிவிட்டது மனுஷனுக்கு, கழுத்துத் தோல் தொங்குகிறது. வந்திருக்கிறார், தானாக வந்திருக்கிறார், ஒருவேளை அதற்காகத்தானோ? காதுகுத்து விஷயமாத்தான் வந்தேன் என்றார். சரி, சொல்லப் போகிறார். நீ படுற கஷ்டத்தைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலடா, குழந்தையை நான் மடியில வெச்சுக்கறேன், நீ பக்கத்துல உட்காரு, ராஜா மாதிரி. நான் சொன்னேன், மாமா, மண்டபத்துல நீங்க ஒண்ணு சொன்னீங்க. அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். என்னடா, சத்தமா சொல்லு. இருந்த குரலை எல்லாம் திரட்டினேன். என் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. யமுனா நிச்சயத்தன்னிக்கு, தட்டைப் பிடுங்கிட்டு, இன்னிக்குமாடா தண்ணின்னு சொன்னீங்க. அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், நான் அந்த முகத்தைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் எங்கேயாவது ஒளிக்கிற ஜாடை தெரியுமா என்று. இல்லை. நானா? அப்படியா சொன்னேன்? ஞாபகமே இல்லையேடா. கல்யாண வேலையில ஆயிரம் பேசியிருப்பேன். ஆயிரம் இல்ல மாமா, ஒண்ணு. அட, அப்பவே போனதை எதுக்கு இப்ப, விடுறா. மறந்துவிட்டாராம். என்னைக் குத்தினது தெரியாமல் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். நான் தினமும் தண்ணி ஊற்றி வளர்த்தது அவரிடம் முளைக்கவே இல்லை.

யமுனா அப்போதுதான் பேசினாள். பாப்பா அப்பா மடியிலதான் மாமா. நடுங்குதேம்மா என்றார் அவர். நடுங்கட்டும், ஆசாரி காத்திருப்பாரு, நின்னதும் குத்தட்டும் என்றாள். அவள் காபி டம்ளரைப் பிடித்திருந்த கை கெட்டியாக இருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் கண்ணீர் காதுக்குள் போகும், அவளோடு எனக்குள்ள பாக்கியை அவள் வேறு வழியில் கொஞ்சம் கொடுத்துவிட்டாள், மீதியை நான் கேட்கப் போவதில்லை. மாமாவுடையது அப்படி இல்லை. உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா நான் ஞாபகப்படுத்தறேன் மாமா, அன்னிக்கு இருந்த எல்லாரும் பந்தலுக்கு வராங்க, அத்தனை பேர் எதிரே மைக்கில சொல்லணும், கன்னியப்பன் ஒரு நாளும் தொட்டதில்லை, நான் சொன்னது தப்புன்னு. சொல்லிட்டு உள்ள வாங்க. சொல்லலைன்னா வெளியவே நில்லுங்க. அவர் யமுனாவைப் பார்த்து, என்னம்மா உங்கப்பன் மூளைக்கும் ஏறிடுச்சா என்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. உங்க அக்கா தோடு வாங்கி வெச்சுட்டா, நாங்க வராம இருப்போமா, உடம்பைப் பார்த்துக்கோ. என்னால் தலையைத் தூக்க முடியாது, அவர் போவதைப் பார்க்க முடியாது. செருப்புச் சத்தம் வராந்தாவில் போகிறது, நடுவில் ஒரு தரம் நிற்கிறது, ஒருவேளை திரும்பி வருகிறாரோ, இல்லை, லிஃப்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறார். தர வேண்டியதை வாயிலேயே வைத்துக்கொண்டு கீழே போகிறார். போகட்டும். எனக்கு மறக்கவில்லை. நான் இங்கேதான் படுத்திருக்கிறேன்.